‘ஸ்பொயில்’ என்ற ஒரே சொல்

எமது மாணவிகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. மழை சுற்றுலாவை ‘ஸ்பொயில்’ பண்ணியது. பால் ‘ஸ்பொயில்’ ஆகிவிட்டது. நானாவின் கைப்பேசி ‘ஸ்பொயில்’. மண்சரிவில் வீதி ‘ஸ்பொயில்’. கூடாத நட்பால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘ஸ்பொயில்’. இவற்றுள் முதல் இரண்டும் சரி. இயங்காத கைப்பேசி ‘புரோக்கன்’. இடிந்த வீதி ‘டமேஜ்’ ஆனது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

தமிழில் சொல் குறைவு, அதனால்தான் ஆங்கிலத்திலும் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உம்மாவோடு சமையலறையில் ஒரு நாள் நின்றால் போதும். பால் திரிகிறது, கறி ஊசிப்போகிறது, பழம் அழுகுகிறது, மா புழுத்துப்போகிறது, எண்ணெய் காறிப்போகிறது. வெளியே வந்தால் மரம் உளுக்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, பழைய துணி இற்றுப்போகிறது. ஆங்கிலமும் இப்படித்தான். காறிய எண்ணெய் ‘ரான்சிட்’, காய்ந்துபோன பழைய பாண் ‘ஸ்டேல்’, அழுகிய பழம் ‘ரொட்டன்’. கூமுட்டைக்குக்கூட ‘அடில்ட்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பொருள்களைப் பற்றிப் பேசும்போது இரு மொழிகளும் கவனமாகவே இருக்கின்றன.

சரியான சொல் என்ன வேலை செய்யும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கதையே போதும். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே சாயத்தை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் சுவைஞர்கள், ஒரு தேயிலை பிடிக்கவில்லை என்றால் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லி நிறுத்திவிட மாட்டார்கள். ‘ஸ்மோக்கி’ என்றால் புகை வாடை; உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக் குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம். ‘பேக்கி’ என்றால் சூடு மிஞ்சிவிட்டது. ‘ஸ்டூட்’ என்றால் சூடோ காற்றோட்டமோ போதாமல் இலை வெந்துவிட்டது. ‘மஸ்ட்டி’ என்றால் பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்ற சந்தேகம். ‘டெயின்டட்’ என்றால் மண்ணெண்ணெய் போன்ற வேறொரு வாடை ஏறிவிட்டது. தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். சுவைஞரின் ஒரு சொல்லைப் பார்த்தே தொழிற்சாலையில் இருப்பவர் எந்த இயந்திரத்தைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்யலாம். ‘கெட்டுப்போச்சு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவர் எதைத் திருத்துவார்?

இந்த மலைகளின் வரலாற்றிலும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தேயிலைக்கு முன் இங்கே நின்றது கோப்பி. 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. அந்தப் பங்கசுக்கு இங்கிலாந்தின் ஆய்வாளர்களான பேர்க்லியும் புரூமும் வைத்த பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். இலத்தீனில் ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்றால் பாழாக்குபவள். ஆம், ‘பவள்’தான், அந்த ஈறு பெண்பாலுக்கு உரியது. ஆங்கிலேயத் துரைமார் அதையும் விட்டுவைக்கவில்லை. ஹெமிலியாவை ‘எமிலி’ ஆக்கி, ‘நாசகார எமிலி’ என்று கேலி பேசினார்கள். இரண்டு தசாப்தங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பியின் இடத்துக்கு வந்தது.

தேயிலைக்கும் ஒரு நோய் வந்தது. இலையில் கொப்புளம் எழும்பும் இந்த நோய் அசாமிலிருந்து அறியப்பட்டது. 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இதன் பங்கசு எக்ஸோபசிடியம் வெக்ஸான்ஸ். ‘வெக்ஸான்ஸ்’ என்றால் தொல்லை தருவது. பாழாக்குவது அல்ல, தொல்லை தருவது. பெயருக்கேற்ப, செப்புக் கலந்த மருந்து தெளித்து இதைச் சமாளித்தார்கள். தேயிலை இன்றும் நிற்கிறது. அழிவும் தொல்லையும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டு பெயர்களும் சொல்லிவிடுகின்றன.

ஆனால் எமிலி விடயத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1880இல் நோயை ஆராய இங்கே வந்த இளம் விஞ்ஞானி மார்ஷல் வார்ட், காற்றில் பறக்கும் வித்திகள் தோட்டம் தோட்டமாகப் பரவ வழிவிட்டது எது என்றும் விளக்கினார்: இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டது. காட்டை அழித்து மலை மலையாகக் கோப்பி நட்டது எமிலி அல்ல. மார்க்க வகுப்பில் நாம் கேட்கும் ‘ஃபஸாத்’ என்ற அரபுச் சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. உணவு பழுதாவதற்கும் பூமியில் நடக்கும் சீர்கேட்டுக்கும் அதுவே சொல். ஆங்கிலத்தில் யூசுப் அலி அதை ‘மிஸ்சிஃப்’ என்றார், பிக்தால் ‘கரப்ஷன்’ என்றார். சொல் வேறுபட்டாலும், சூரத்துர் ரூமின் 41ஆம் வசனம் அந்தச் சீர்கேட்டை மனிதர் கைகளின் செயலோடு சேர்த்தே பேசுகிறது. செய்தவர் மறைக்கப்படவில்லை.

எமது பேச்சில் செய்தவர் மறைந்துவிடுகிறார். ‘கெட்டது’ தன்வினை, ‘கெடுத்தது’ பிறவினை என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். தன்வினைக்குச் செய்தவன் தேவையில்லை. பீலிக்கரையிலும் கடை வாசலிலும் கல்யாண வீட்டிலும் ஒரு பெண்ணைப் பற்றி ‘அது கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. என்ன நடந்தது? வீட்டார் விரும்பாத ஒருவரை அவள் விரும்பியிருக்கலாம். கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம். எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவளை யாராவது ஏமாற்றியிருக்கலாம். அவளுக்கு ஒருவன் கொடுமை செய்திருக்கலாம். ஒன்றில் அவள் எடுத்த முடிவு, இன்னொன்றில் அவளுக்கு எதிராக நடந்த குற்றம். கறிக்கு ஊசலையும் பழத்துக்கு அழுகலையும் பிரித்துப் பார்க்கும் நாம், இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டுகிறோம்.

ஆங்கிலேயர் மட்டும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் இப்படிப்பட்ட பெண் ‘ருயின்ட்’, அதாவது இடிந்து வீழ்ந்தவள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கனவான் கனவானாகவே இருந்தார். இன்று பொறுப்போடு எழுதுபவர்கள் அப்படி எழுதுவதில்லை. ‘சீட்’, ‘ஹராஸ்’, ‘அபியூஸ்’, ‘அசோல்ட்’ என்று செய்த காரியத்தைச் சொல்கிறார்கள். செய்தவன் எழுவாயாக வந்து நிற்கிறான். ஆகவே, ‘அவள் ஸ்பொயில்ட்’ என்று கட்டுரையில் எழுதும் மாணவிக்கு ஒரு செய்தி: ஆங்கிலம் படிப்பவர் அதை ‘செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை’ என்றே புரிந்துகொள்வார். குற்றம் பெற்றோர் பக்கம் திரும்பிவிடும்! அந்தச் சொல்லின் இலத்தீன் மூலமோ விலங்கின் தோலை உரிப்பது, வீழ்ந்த எதிரியின் ஆயுதத்தைப் பறிப்பது. பறித்தவன் ஒருவன் இல்லாமல் அந்தச் சொல்லே பிறக்கவில்லை.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். ‘தூர இடத்துக்குப் படிக்க அனுப்பினால் கெட்டுப்போவாள்’ என்று சொல்லும்போது உங்கள் மனதில் இருக்கும் பயம் எது? இரவு பஸ்ஸா, தங்கும் விடுதியா, கைப்பேசியா, ஊர் வாயா? பயத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு வழி தேடலாம். இரவு பஸ் என்றால் பகல் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கலாம், விடுதி என்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். ‘கெட்டுப்போவாள்’ என்பதற்கு மகள் என்ன பதில் சொல்ல முடியும்?

சொல்லில் கவனம் தேவைப்படும் இன்னோர் இடமும் உண்டு. தோட்டப்புறங்களில் பல வீடுகளுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தால் அதை வாசிப்பதும் பதில் எழுதுவதும் படிக்கும் மகள்தான். 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு அந்த வேலை எவ்வளவு பாரமானது என்று பல மாணவிகள் அறிவார்கள். அனர்த்த அறிக்கைகளில் வீடுகள் இரண்டு வகை: முழுமையாகச் சேதமடைந்தவை, பகுதியளவில் சேதமடைந்தவை. ‘டமேஜ்’ என்பது ஒருமையில் சேதம். சட்ட ஆங்கிலத்தில் அதுவே பன்மையாக ‘டமேஜஸ்’ என்று வந்தால் நட்டஈடு. சுவர் நிற்கிறது, கூரை இருக்கிறது, ஆனால் லயத்துக்குப் பின்னால் மண் பிளந்திருக்கிறது என்றால் என்ன எழுதுவது? ‘ஸ்பொயில்ட்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. வெறும் ‘டமேஜ்’ என்றால், வீடு நிற்கிறதே என்று பகுதிச் சேதத்தில் போட்டுவிடலாம். சுவர் வெடித்திருந்தால் ‘கிராக்ட்’, நிலம் இறங்கியிருந்தால் ‘சப்சைடட்’, குடியிருக்க முடியாது என்றால் ‘அன்சேஃப் டு லிவ் இன்’. வெடிப்பின் அகலத்தையும் அதை முதலில் கண்ட திகதியையும் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.