சம்மதப் படிவத்தில் ஒரு கட்டம்



திருச்சபைகள் நடத்தும் வாலிபர் முகாம்களின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை முழு மனதோடு ஏற்கிறேன். 2022 அக்டோபரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த தூத்துக்குடிக்காரர்கள் ஆறு பேர் கொள்ளிடத்தில் மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகும் நாம் தண்ணீருக்குப் பயப்படக் கற்கவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியையான நான், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மலையடிவார முகாமுக்கு நாற்பது பிள்ளைகளோடு துணைக்குப் போனேன். சாப்பிட்ட கையோடு ஓடையில் குளிக்க அனுப்பினார்கள். பெரியவர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கேட்டதற்கு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார், டீச்சர்" என்றார்கள். கரையேறியதும் எண்ணினேன், முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், அதே முப்பத்தொன்பது. என் கைகால் உதறியது. பாறைக்குப் பின்னால் ஒரு பையன் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தான். ஆஸ்துமா. இன்ஹேலர் அறையில், அவன் பைக்குள் இருந்தது. அவன் அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் நோய், மருந்து பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

மே விடுமுறைக்கு முன்பே ஒவ்வொரு சேகரமும் இந்தப் படிவத்தைத் திருத்த வேண்டும். நீச்சல் தெரிந்த இருவர் இல்லாமல் ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியறையில் இருக்கக் கூடாது என்பதையும் எழுதியே வைக்க வேண்டும். பாலியல் தொந்தரவு தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலி