பெரியப்பாவின் கண், அண்ணன் போனில் ரிசல்ட்

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டீக்கடை வாசலில் நின்னுதான் அந்த பிடிஎஃபைப் படிச்சேன். அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நீதான், என்னன்னு பாருடா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

பெரியப்பா செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார். இடது கண்ணுக்குள்ளே மெலனோமா. சென்னையில் கதிர்வீச்சு கொடுத்தப்போ ஊசியால கொஞ்சம் திசு எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினாங்க.

மெலனோமான்னா தோலில் வர்றதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். கண்ணில் இருக்கிற நிறமிச் செல்களிலும் வரும், நம்ம நாட்டில் ரொம்ப அபூர்வம். கட்டியை ஆரம்பிச்சு வைக்கிறது பெரும்பாலும் ஜிஎன்ஏக்யூ இல்லேன்னா ஜிஎன்ஏ11 ஜீனில் வர்ற மியூட்டேஷன். அது இந்த நோய் உள்ள பெரும்பாலானவங்களுக்கு இருக்கும், அதை வெச்சு எதிர்காலம் சொல்ல முடியாது. அடுத்து எந்த ஜீன் மாறுதுங்கிறதுதான் விஷயம். ஈஐஎஃப்1ஏஎக்ஸ்னா பரவும் வாய்ப்பு குறைவு. எஸ்எஃப்3பி1னா பல வருஷம் கழிச்சுப் பரவலாம். மூணாவது குரோமோசோம் ஜோடியில் ஒண்ணு காணாமப் போய், மிச்சம் இருக்கிறதில் பேப்1 ஜீனும் கெட்டிருந்தா, கல்லீரலுக்குப் பரவும் அபாயம் அதிகம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடிச்சதே 2010லதான். பெரியப்பா ரிப்போர்ட்டில் இருந்தது கடைசி வகை.

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"ன்னான் அண்ணன். நியாயமான கேள்விதான். பரவாம தடுக்கும்னு உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆனா கல்லீரலை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணணும்கிறதுக்கு இந்த ரிசல்ட் வேணும். சிலருக்கு பேப்1 கோளாறு பிறப்பிலேயே இருக்கும், அப்போ அது பிள்ளைங்க விஷயமும்தான். அதையெல்லாம் விட, பட்டறையை யார்கிட்ட விடறது, கடனை எப்போ அடைக்கறதுன்னு அவர்தானே முடிவு பண்ணணும்?

இது தீர்ப்பும் இல்லை. நரம்பியல் டாக்டரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005ல் இதே கேன்சர். அவர் கேஸில் பரவும் வாய்ப்பு குறைவுன்னுதான் கணிச்சிருந்தாங்க. 2015 தொடக்கத்தில் கல்லீரலில் இருக்கிறது தெரிஞ்சுது, ஆகஸ்டில் இறந்துட்டார். (நாம மெஷின் லேர்னிங் லேபில் எடுக்கிற நம்பரும் இப்படித்தானே? கூட்டத்துக்குப் பொருந்தும், ஒத்தை ஆளுக்கு உறுதி கிடையாது.) ஆனா மிச்சமிருந்த மாசங்களை என்ன செய்யறதுன்னு அவரே முடிவு பண்ணினார். கடைசி வரைக்கும் எழுதினார்.

உங்க வீட்டிலும் ரிப்போர்ட் முதலில் மகன் கைக்குத்தான் போகும். அன்பாலதான் மறைக்கிறோம், ஒத்துக்கறேன். ஆனா "தெரிஞ்சுக்கணுமா?"ன்னு நோயாளிகிட்ட ஒரு தடவையாவது கேட்கணும். வேண்டாம்னு சொன்னா சரி, அது அவர் இஷ்டம். கேட்காமலேயே மறைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தா?

போன மாசம் பெரியப்பாவே போன் பண்ணினார். "ஏஞ்சாமி, கெட்டது கண்ணு. வயித்தை எதுக்கு ஸ்கேன் எடுக்கறாங்க?" சும்மா செக்கப்னு சொல்லிட்டேன். அவர் நம்பலைன்னு குரலிலேயே தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் பட்டறைக்குப் போனேன். ரிப்போர்ட்டில் இருக்கிறதைத் தெரிஞ்சுக்கணுமான்னு கேட்டோம். ஓடிக்கிட்டிருந்த ரேடியோவை நிறுத்திட்டு, "உட்கார்ந்து சொல்லு"ன்னார்.