'இதுகள்' குடிக்கும் குவாட்டர்

நண்பர் அமெரிக்காவிலிருந்து ஒரு போர்பன் பாட்டில் கொண்டுவந்தார். அம்பத்தூரில் என் வாடகை அறையில், டாஸ்மாக் குவாட்டர் விஸ்கியையும் கூட வைத்து, எது எதுவென்று தெரியாமல் நான்கு பேர் குடித்துப் பார்த்தோம். நால்வரும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம். விலை உயர்ந்த சரக்கெல்லாம் வெறும் பந்தா என்று எழுதத்தான் நினைத்திருந்தேன், முடியவில்லை.

போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். நம்மூர் மலிவு விஸ்கியோ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த எரிசாராயம். நிறமும் மணமும் பிறகு சேர்ப்பவை.

ஆனால் விலை முழுக்கச் சுவைக்கானதல்ல. 2025 பிப்ரவரி வரை போர்பனுக்கு இறக்குமதி வரியே 150 சதவீதம். அந்த மாதம் 100 ஆகக் குறைத்தார்கள்.

2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வருபவர் எதைக் குடிப்பார் என்பதை அந்தக் கடை அலமாரியும் அவர் கூலியும் முடிவு செய்கின்றன, நாக்கு அல்ல. போர்பன் குடித்தால் ரசிகர், குவாட்டர் குடித்தால் குடிகாரன்.

"இதுகளுக்கு எதைக் கொடுத்தாலும் குடிக்கும்" என்றார் அன்று எங்களில் ஒருவர், முற்போக்காளர்தான். 'இதுகள்' என்றால் யார் தோழர் என்று கேட்டேன். என் அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். குவாட்டர்தான் குடித்தார்.