முதல் நாள் முட்டை வழுக்குது... ஆறாவது மாசம் தோசை வழுக்குமா?

ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். பேனை லேசாகச் சாய்த்ததும் ஐஸ் மேல் சறுக்குற மாதிரி அது தட்டுக்கு வந்து விழுகிறது. அடுத்து உருக்கிய சீஸ், கருகிய சர்க்கரைப் பாகு. கடைசியில் ஓர் இரும்பு ஆணியை எடுத்து பேன் முழுக்கக் கீறுகிறார்கள். ஒரு கோடுகூட விழவில்லையாம்! 'முதலில் போன் செய்யும் 100 பேருக்கு மட்டும்' என்று திரையில் நம்பர் ஓடுகிறது.

டி.வி-யில் இதைப் பார்க்கும்போது எல்லார் வீட்டிலும் ஒரு குரல் கேட்கும். "சும்மா ஏமாத்துறாங்கப்பா!"

இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், நாம் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. முட்டை வழுக்குவதில் பெரிய தில்லுமுல்லு எதுவும் தேவையே இல்லை. கடையில் வாங்கும் எந்தப் புது நான்ஸ்டிக் பேனிலும் முதல் நாள் முட்டை வழுக்கும். கேட்க வேண்டிய கேள்வி, 'இது எத்தனை நாளைக்கு?' என்பதுதான். அதற்கு மட்டும் விளம்பரத்தில் பதில் இருக்காது.

கோட்டிங் ஏன் போகுது?

நான்ஸ்டிக்கின் மூலப்பொருள் பி.டி.எஃப்.இ. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. டெஃப்லான் என்ற பெயரில் நமக்குப் பழக்கமானதும் இதுவே. எதனோடும் ஒட்டாத பொருள் என்பதுதான் இதன் சிறப்பு. சிக்கலும் அதுவேதான். எதிலும் ஒட்டாத ஒன்றை அலுமினியத்தில் மட்டும் எப்படி ஒட்ட வைப்பது? அலுமினியத்தைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் லேயர் லேயராகப் பூசி, அதிக சூட்டில் வேகவைத்து நிறுத்துகிறார்கள். அந்தப் பிடிமானம் எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவுதான் பேனின் ஆயுள்.

இதில் நம்ம ஊர் சமையல் வேறு. விளம்பரத்தில் வருவது ஆம்லெட், பான்கேக். நம் வீட்டில் தோசை. காலிக் கல்லை நன்றாகக் காயவைத்து, தண்ணீர் தெளித்து, 'சொய்ங்' சத்தம் கேட்டால்தான் மாவு ஊற்றுவோம். இரும்புக் கல்லுக்கு இது சரி. நான்ஸ்டிக்குக்கு இப்படிச் சட்டென்று சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் கோட்டிங் சீக்கிரம் தளர்ந்துவிடும். கூடவே எவர்சில்வர் கரண்டி, கம்பி ஸ்க்ரப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். மெல்லிய அலுமினியத்தில் செய்த பேன் என்றால், அடுப்புக்கு நேர் மேலே மட்டும் அதிகமாகச் சூடேறி அந்த இடம் முதலில் போகும்.

'கிரானைட்', 'மார்பிள்', 'ஸ்டோன்'... நிஜமாவே கல்லா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் புள்ளிப் புள்ளி டிசைனுக்குக் கீழே இருப்பது வழக்கமான அலுமினியம். மேலே இருப்பது பி.டி.எஃப்.இ கோட்டிங்காகவோ, செராமிக் கோட்டிங்காகவோ இருக்கும். கோட்டிங்கை உறுதிப்படுத்தக் கொஞ்சம் தாதுத் துகள் சேர்த்திருக்கலாம். அதற்காக அது கல் சட்டி ஆகிவிடாது.

செராமிக் என்றதும் பீங்கான், மண்பானை என்று நினைத்துக்கொள்கிறோம். இதுவும் ஒரு மெல்லிய பூச்சுதான், சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது. பி.டி.எஃப்.இ இல்லை என்பது இதன் ப்ளஸ். வழுக்கும் தன்மை பி.டி.எஃப்.இ-யைவிட சீக்கிரம் குறைந்துவிடும் என்பது மைனஸ். இந்த மைனஸைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

'பி.எஃப்.ஓ.ஏ இல்லை' - இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு

பெட்டி மேல் பச்சை நிறத்தில் பளிச்சென்று இருக்கும் வாசகம் இது. பி.எஃப்.ஓ.ஏ என்பது நான்ஸ்டிக் பூச்சு தயாரிப்பில் உதவிக்குப் பயன்படுத்தப்பட்ட ரசாயனம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் இதை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டூபாண்ட் ஆலையைச் சுற்றிக் குடிநீரில் இது கலந்த வழக்கில், 2017-ல் 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 'டார்க் வாட்டர்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

ஆனால், 2006-ல் அமெரிக்க அரசு போட்ட திட்டத்தின்படி, 8 பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் பி.எஃப்.ஓ.ஏ-வைக் கைவிட்டன. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் இது சேர்க்கப்பட்டது. ஆக, இன்றைக்கு 'பி.எஃப்.ஓ.ஏ இல்லை' என்பது பெரிய சாதனை ஒன்றும் கிடையாது. இருக்கவே கூடாத ஒன்று இல்லை என்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பி.எஃப்.ஓ.ஏ, பி.டி.எஃப்.இ இரண்டுமே பி.எஃப்.ஏ.எஸ் என்ற பெரிய ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'பி.எஃப்.ஓ.ஏ இல்லை' என்ற பெட்டிக்குள் பி.டி.எஃப்.இ பேன் தாராளமாக இருக்கலாம். இந்த வார்த்தை விளையாட்டைப் புரிந்துகொண்ட கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. அந்தக் குடும்பத்தின் வேறு ரசாயனத்தைச் சேர்த்துவிட்டு, ஒன்றை மட்டும் 'இல்லை' என்று விளம்பரப்படுத்தக் கூடாது. மினசோட்டா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், பி.எஃப்.ஏ.எஸ் கோட்டிங் பாத்திர விற்பனையையே 2025 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது.

அப்போ இதுல சமைச்சா ஆபத்தா?

பதற வேண்டாம். பி.டி.எஃப்.இ சாதாரண சமையல் சூட்டில் எதனோடும் வினைபுரியாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் ஜீரணமாகாமல் வெளியேறிவிடும் என்பதுதான் பொதுவான அறிவியல் கருத்து. சூடு அதிகமாகும்போதுதான் பிரச்னை. சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். அதையும் தாண்டி எரிந்தால் வரும் புகை, காய்ச்சல் போன்ற தொந்தரவைக் கொடுக்கலாம். வீட்டில் வளர்க்கும் கிளி, லவ் பேர்ட்ஸுக்கு உயிருக்கே ஆபத்து. நம் ஐ.சி.எம்.ஆர்-தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இன்னும் ஜாக்கிரதையாக 170 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்கிறது. எண் வேறு, விஷயம் ஒன்று: காலிப் பேனை ஃபுல் ஃப்ளேமில் வைத்துவிட்டு போன் பார்க்காதீங்க. கோட்டிங் உரிந்துவிட்டால் பேனை மாத்திடுங்க.

'இன்னும் 10 நிமிஷம்தான்!'

அதே விளம்பரம் இப்போது ரீல்ஸுக்கும் வந்துவிட்டது. ஆள் மாறியிருக்கிறார், முட்டை மாறவில்லை. இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2022-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, விளம்பரத்தில் சொல்வது எந்த மொழியோ, நிபந்தனைகளும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கத்திவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஓட்டக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். நடித்த பிரபலமும் தப்ப முடியாது. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதையும் 2023-ல் வெளியான 'டார்க் பேட்டர்ன்' விதிகள் தடை செய்கின்றன. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

வாங்கும்முன் நாலு கேள்வி

* கோட்டிங் பி.டி.எஃப்.இ-யா, செராமிக்கா? 'கிரானைட்' என்பது பதில் இல்லை.

* வாரன்ட்டி எதற்கு? தயாரிப்புக் குறைக்கு மட்டுமா, கோட்டிங் போனாலும் உண்டா? கைப்பிடிக்கு மட்டும் வாரன்ட்டி கொடுத்தால் கைப்பிடியில் சமைக்க முடியாது!

* அடிப்பாகம் கனமா இருக்கா? இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா? ஃப்ரிட்ஜ் மேக்னட்டை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டணும்.

* ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கா? அலுமினிய, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரங்களுக்கு இதைக் கட்டாயமாக்கும் உத்தரவை மத்திய அரசு 2024-ல் அறிவித்திருக்கிறது.

கூடவே ஒரு கணக்கும் போடுங்க. விலையைப் பேன் தாங்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 1,500 ரூபாய் பேன் பத்து மாதம்தான் வந்தால், மாதம் 150 ரூபாய் வாடகை கொடுத்து தோசை சுடுகிறோம் என்று அர்த்தம். பழகிய இரும்புக் கல்லுக்கு அந்த வாடகை கிடையாது. எண்ணெய் தடவித் தடவி சூடாக்கும்போது அதன் மேல் தானாகவே ஒரு வழுவழு படலம் உருவாகிவிடும். போனாலும் திரும்பப் பழக்கிக்கொள்ளலாம். நான்ஸ்டிக்கில் கோட்டிங் போனால் போனதுதான்.

முட்டைக்கு நான்ஸ்டிக் வசதிதான், மறுக்கவில்லை. ஆனா, அது சில வருஷத்தில் தேய்ந்துபோகிற பொருள் என்று தெரிந்தே வாங்குங்க. ஆயுசுக்கும் உழைக்கும் என்று யாராவது ஆணியால் கீறிக் காட்டினால், ரிமோட் உங்க கையிலதான் இருக்கு.