சொந்தத்தில் கல்யாணம்: குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு? எப்போது பரிசோதிக்கணும்?

"எங்க தாத்தா பாட்டியும் சொந்தம்தான். எங்களுக்கு என்ன குறை வந்துச்சு?" ஆரணி போன்ற நெசவு ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கே பெண் பார்க்கும் பேச்சு எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். கேள்வி நியாயமானது. பதில்தான் பலருக்குத் தெரிவதில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28% பேர் ரத்த சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். இந்திய சராசரி 11%. பக்கத்து மாநிலமான கேரளாவில் 5%-க்கும் குறைவு.

சொந்தத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு?

பட்டு நெய்பவர்களுக்கு இது எளிதில் புரியும். இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலில் ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். மரபணுவும் பெரும்பாலும் அப்படித்தான்: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். நமக்குத் தெரியவே தெரியாது. இப்படி ஒரு பழுதோடு நலமாக இருப்பவர்தான் 'கடத்தி'. நம் எல்லோரிடமும் இப்படிச் சில பழுதுகள் உண்டு.

கணவன், மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது இருந்தால்தான் சிக்கல். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தி என்றால் அந்த வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மரபணுக்கள் சராசரியாக 8-ல் 1 பங்கு பொது. தாய்மாமனைக் கட்டினால் 4-ல் 1 பங்கு.

ஆபத்து எவ்வளவு?

பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் மணம் என்றால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமன் என்றால் இன்னும் கூடுதல். ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

அப்போ தாத்தா பாட்டிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இருவருமே கடத்தி என்று வையுங்கள். அப்போதும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25% தான். 3 பிள்ளை பெற்றால் மூவரும் நலமாக இருக்கும் வாய்ப்பு 42%. பழுது போய்விடவில்லை, மறைந்து அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கலாம். அதேபோல, "முதல் குழந்தைக்கு வந்தாச்சு, அடுத்ததுக்கு வராது" என்பதும் தப்பு. அடுத்த கர்ப்பத்துக்கும் அதே 25%.

எல்லாம் சொந்தத்தால்தானா?

இல்லை. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைவதால் வருகிறது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், சொந்தம் காரணமல்ல. ரத்தம் உறையாத ஹீமோபிலியா தாய் வழியாக மகனுக்கு வரலாம். எந்தச் சொந்தமும் இல்லாத தம்பதிக்கும் தசைநார்ச் சிதைவு நோயுள்ள குழந்தை பிறக்கலாம். "மருமகள் வந்த நேரம்" என்று பழி போட இதில் எதுவும் இல்லை. மறைந்திருக்கும் வகை நோய் வர அப்பாவின் பங்கும் அம்மாவின் பங்கும் சமம்.

தாமதித்தால் என்ன இழப்பு?

2021-ல் தமிழ்நாட்டில் முதுகுத் தண்டு தசைநார்ச் சிதைவு நோயுள்ள ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊரே பணம் திரட்டியது நினைவிருக்கலாம். அதே ஆண்டு வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில், தேர்வான மருத்துவமனைகள் மூலம் தரப்படும் உதவி இப்போது 50 லட்சம் ரூபாய் வரை.

பிறவிக் காது கேளாமையில் நிலைமை வேறு. குழந்தைக்கு 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்றால் பேச்சு வரும் வாய்ப்பு பல மடங்கு. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. "அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று 3 வயது வரை காத்திருந்தால் அந்த நேரம் திரும்பாது.

என்ன செய்யலாம்?

* சொந்தத்தில் பேச்சு எடுக்கும்போதே, இரு வீட்டிலும் சின்ன வயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள், வளர்ச்சி குன்றியவர்கள் யார் யார் என்று 3 தலைமுறைக்கு எழுதுங்கள். மறைக்க வேண்டாம்.
* மரபணு ஆலோசனை பெறுங்கள். ஆரணிக்குப் பக்கத்திலேயே, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இதற்கென தனிப் பிரிவு இருக்கிறது.
* ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா? பதற வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்பே ஆலோசனை, 11 முதல் 14 வாரத்திலும் 18 முதல் 20 வாரத்திலும் ஸ்கேன்.
* முதல் குழந்தைக்கு நோய் இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் அதன் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அது தெரிந்தால்தான் அடுத்த கருவைச் சோதிக்க முடியும்.
* பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்து தைராய்டு சோதனை. அங்கன்வாடி, பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் 18 வயது வரை இலவசப் பரிசோதனை.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அதே வாரத்தில் இந்தப் பொருத்தத்தையும் பார்த்துவிடலாம். சொந்தம் வேண்டுமா, வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.