6 வாரத்தில் என்ன தெரியும், சாமி?

"பைபோலார் டிப்ரெஷனுக்குப் புது மருந்து வந்திருக்காமே?" ஊரிலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்தால் போதும், டெல்லியிலும் புனேயிலும் இருக்கிற நம் வீடுகளில் நம்பிக்கை துளிர்த்துவிடும். தப்பில்லை. ஆனால் அதை எப்படிச் சோதித்தார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2013இல் அனுமதி வாங்கிய லுராசிடோன், 2021இல் வாங்கிய லுமாடெபெரோன், இரண்டுமே 6 வாரச் சோதனையில் தேறியவை. எதிரே நின்றது வெற்று மாத்திரை. 6 வாரம்! ஊருக்குப் போக நாம் ரயில் டிக்கெட்டே 60 நாள் முன்னால் போடுகிறோம். இந்த நோயோ ஆயுசுக்கும் கூட வருவது.

தற்கொலை அபாயம் அதிகம் உள்ளவர்களைப் பொதுவாக இந்தச் சோதனைகளில் சேர்ப்பதில்லை. காரணம் புரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்க நாம் கண் விழித்துக் காவல் இருப்பது அவர்களுக்குத்தானே?

வேறு மாதிரி சோதிக்க முடியாதா? முடியும். அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ஸ்டெப்-பிடி ஆய்வு 2007இல் ஒரு முடிவை வெளியிட்டது. லித்தியம் போன்ற மருந்தோடு, டாக்டர்கள் வழக்கமாக எழுதுகிற மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்தால் பலன் கூடுமா என்பதுதான் கேள்வி. 366 பேர், 26 வாரம். குணமாகித் தொடர்ந்து 8 வாரம் நன்றாக இருந்தவர்கள், மாத்திரை சேர்த்தவர்களில் 23.5 சதவீதம்; வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 சதவீதம். ஆக, கூடுதல் மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை. விற்கிறவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க என்ன தலையெழுத்து?

லித்தியத்தின் குணத்தை ஜான் கேட் 1949இல் சொன்னார். அது வெறும் உப்பு, காப்புரிமை கிடையாது. அதைப் புது மருந்தோடு வருஷக்கணக்கில் மோதவிட்டுப் பார்க்க அரசாங்கம்தான் காசு போட வேண்டும். நம்மிடம் பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிறது, ஐசிஎம்ஆர் இருக்கிறது. மாத்திரைக்கு நாம் கைக்காசு கொடுக்கிறோம், வரியும் கட்டுகிறோம். கேட்க உரிமை இல்லையா?

(இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. டாக்டரிடம் பேசுங்கள்.)

இன்னொன்று. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை அரசின் சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிவது 2009இலிருந்து கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்த 'புது மருந்து' ஃபார்வர்டு வரும்போது அங்கே போய், எத்தனை வாரம் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், யார் பணம் என்று பாருங்கள். பார்த்துவிட்டு அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.