நோயின் பெயரும் நினைவின் கடனும்

அன்புடையார் ஒருவர் மறைந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்து, நினைவு மலர் வெளியிடுதல் யாழ்ப்பாணத்தார் வழக்கம். கல்வெட்டு என நாம் வழங்கும் அச்சிறு நூலில் குலமரபு உண்டு, தேவாரம் உண்டு, சரமகவி உண்டு, கல்வியும் உத்தியோகமும் குறிக்கப்பெறும். உயிரைக் கொண்ட நோயின் பெயர் மாத்திரம் பெரும்பாலும் இராது. அது புற்றுநோயாயின் வாய்திறந்து சொல்வாருமில்லை. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பது எமது துணிபு.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் விளையாடியவர். நடுவயதில் அவர் தொடையில் ஒரு கட்டி தோன்றிற்று. நோவு இல்லை. பழைய விளையாட்டுக் காயமென்று எண்ணி எண்ணெய் பூசினார், ஒற்றடம் கொடுத்தார். யாமும் அதைச் சொல்லி அவரோடு நகையாடினோம். கட்டி தேசிக்காயினும் பெரிதான பின்னரே வைத்தியரை நாடினார். தசை, கொழுப்பு முதலிய மென்னிழையங்களில் தோன்றும் சார்கோமா என்னும் புற்றுநோய் அது. வளர்ந்தோருக்கு வரும் புற்றுநோய்களுள் நூற்றில் ஒன்றளவேயான அரிய நோய். அறியப்பட்டபோது சுவாசப்பையிலும் பரவியிருந்தது.

அன்னாரின் கல்வெட்டுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் யாமே. வீட்டார் விரும்பாமையால் நோயின் பெயரை எழுதாது விட்டோம். மகளின் கலியாணப் பேச்சுக்கு இடையூறாகும் என அஞ்சினர். இரங்கற் கூட்டத்துக்கு வந்தோருட் பலர் மாரடைப்பு என்றே எண்ணித் திரும்பினர். நோவில்லாத கட்டியும் வளருமாயின் வைத்தியருக்குக் காட்டவேண்டும் என்ற ஒரு வரியை அன்று எழுதியிருக்கலாம். எழுதாமற் போனது இன்றும் எம்மை உறுத்துகின்றது.

வீட்டாரின் அச்சத்தை யாம் இகழவில்லை. அவர் இசைவின்றி எழுதுதலும் தகாது. ஆயின் இந்நோய் பெரும்பாலும் பரம்பரையால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. இதை அவர்களுக்கு எடுத்துரைப்பது கற்றோர் கடன் அன்றோ?

வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923இல் இளவயதிலேயே புற்றுநோயால் மாண்டார். அம்மையார் அத்துயரை மறைத்து வைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், நிதி திரட்டினார். 1954இல் சென்னை அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. நாம் 31 நாளில் முடித்துவிடும் கடனை அவர் 31 ஆண்டுகள் சுமந்தார்.

நம் குடாநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தனவின் தம்பி 16 வயதில் மூளைக்கட்டியால் இறந்தார். தமையனார் அத்துயரை வெளிப்படக் கூறிப் புற்றுநோயாளருக்கான பணிகளில் முன்னின்றார். அவரும் ஆதரித்த முயற்சியாக, 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நெடுநடை நிகழ்ந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். அதிற் சேர்ந்த பணத்தால் எழுந்ததே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. அதற்கு முன் மகரகமவை நாடி நெடும்பயணம் போன நோயாளர் துன்பத்தை நம்முட் பலர் நேரிற் கண்டுள்ளோம். பின்னர் 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தனர். அது காலி கராப்பிட்டியவில் இவ்வாறான வைத்தியசாலை அமைப்பதற்காக.

அத்துணைப் பெரும்பணி நம்மாற் கூடாதிருக்கலாம். கூடுவன இரண்டுண்டு. இனி நாம் எழுதும் கல்வெட்டுகளில், வீட்டார் இசைவோடு, நோயின் பெயரையும் அது முதலிற் காட்டிய குறியையும் இரண்டு வரியில் எழுதுவோம். ஆண்டுதோறும் உயர்வகுப்பு மாணவருக்கு வைத்தியர் ஒருவரைக் கொண்டு ஒரு மணி நேரம் இந்நோய்கள் பற்றிப் பேசுவிப்போம். நம் பழைய மாணவருள் வைத்தியருக்குக் குறைவில்லை.

எம் நண்பரின் பெயரை இங்கும் யாம் எழுதவில்லை. வீட்டாரின் இசைவை இன்னும் பெற்றிலோம். இம்மலர் கைக்கு வந்ததும் அவர் இல்லம் சென்று கேட்பதாக இருக்கின்றோம். திருவருள் துணை நிற்பதாக.